டெலிபிரிண்டர் முதல் ராஸ்பெரி பை வரை: தொடர் இணைப்பின் வரலாறு

தொடர் இணைப்பு என்பது இரண்டு சாதனங்களுக்கு இடையே தகவலை ஒரே கம்பி வழியாக, ஒரு பிட்டுக்குப் பின் இன்னொரு பிட்டாக அனுப்பும் முறையாகும். பேச்சு வழக்கில் இதைச் சீரியல் இணைப்பு என்பர். எட்டுக் கம்பிகளில் எட்டுப் பிட்டுகளை ஒரே நேரத்தில் அனுப்பும் முறை இணை இணைப்பு எனப்படும். தொடர் இணைப்புக்குக் கம்பிகள் குறைவாகவே தேவை. தொலைவும் கூடுதலாகச் செல்லும். அதனால்தான் தந்திக் காலத்தில் பிறந்த இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது.

ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினிகளில் ஆர்வலர்களும் மாணவர்களும் வெளிச் சாதனங்களை இணைக்க இம்முறையையே பெரிதும் பயன்படுத்துகின்றனர். எடைக் கருவி, ஜி.பி.எஸ். கருவி, வானிலை அளவி, பால் பரிசோதனைக் கருவி, மின்னளவி எனப் பலவும் இவ்வாறு இணைக்கப்படுகின்றன. அப்படி ஒரு சாதனத்தை லினக்ஸ் இயங்குதளம் கொண்ட கணினியில் செருகினால், அதற்கு 'டி.டி.ஒய்.யூ.எஸ்.பி.0' என்பது போன்ற ஒரு பெயர் கிடைக்கும். இதில் 'டி.டி.ஒய்.' என்பது டெலிடைப்ரைட்டர் என்ற சொல்லின் சுருக்கம். தந்தி அலுவலகங்களிலும் செய்தித்தாள் அலுவலகங்களிலும் இயங்கிய டெலிபிரிண்டரின் பெயரே அது. இந்தியாவில் அந்த இயந்திரத்தைத் தயாரித்த தொழிற்சாலை சென்னை கிண்டியில் இருந்தது.

தந்தியும் ஐந்து பிட்டும்

மோர்ஸ் முறைத் தந்தியில் செய்தியைக் கேட்டு எழுதப் பயிற்சி பெற்ற ஓர் ஆள் வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் குறிகளின் நீளம் வேறுபடுவதால், இயந்திரம் அதைப் படிப்பது கடினம். பிரான்சு நாட்டுத் தந்திப் பொறியாளர் எமில் போடோ 1874-இல் இதற்கு ஒரு தீர்வுக்குக் காப்புரிமை பெற்றார். அவரது முறையில் எல்லா எழுத்துகளுக்கும் சரியாக ஐந்து குறிகள். ஒவ்வொரு குறியும் 'உண்டு' அல்லது 'இல்லை' என்ற இரண்டில் ஒன்று. இன்றைய சொல்லில் கூறினால் அது ஐந்து பிட் குறியீடு. தொடர் இணைப்பின் வேகத்தை அளக்கும் 'பாட்' என்ற அலகு அவர் பெயரிலிருந்து வந்தது.

ஐந்து பிட்டில் 32 குறியீடுகளே அமையும். 26 ஆங்கில எழுத்துகள் போக எண்களுக்கு இடமில்லை. எனவே 'இனி வருவன எண்கள்', 'இனி வருவன எழுத்துகள்' என்று சொல்ல இரண்டு மாற்றுக் குறிகள் ஒதுக்கப்பட்டன. தமிழ் போன்ற மொழிகளுக்கு இந்தச் சிறு பெட்டியில் இடம் கிடைப்பது அரிதாயிற்று.

அடுத்த சிக்கல் நேரம். அனுப்பும் இயந்திரமும் பெறும் இயந்திரமும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். சிறிது முன்பின் ஆனாலும் சில நிமிடங்களில் எழுத்துகள் குழம்பிவிடும். அமெரிக்காவில் சார்லஸ் கிரம், அவர் மகன் ஹோவர்ட் கிரம் ஆகியோர் 1910-களில் உருவாக்கிய 'தொடக்கம்–நிறுத்தம்' முறை இதைத் தீர்த்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு தொடக்கக் குறி, முடிவில் ஒரு நிறுத்தக் குறி. இதைப் பள்ளி மணியோடு ஒப்பிடலாம். இரண்டு ஆசிரியர்களின் கைக்கடிகாரங்கள் சில விநாடிகள் வேறுபட்டாலும், ஒவ்வொரு பாடவேளைக்கும் மணி அடித்தால் இருவரும் மீண்டும் ஒன்றாகவே தொடங்குவர். பிழை சேர்ந்து பெருகாது.

இன்னொரு வழக்கமும் அக்காலத்திலேயே உருவானது. செய்தி எதுவும் இல்லாதபோதும் கம்பியில் மின்னோட்டம் இருந்துகொண்டே இருக்கும். மின்னோட்டம் இருந்தால் கம்பி அறுபடவில்லை என்று பொருள். அந்த ஓட்டம் ஒரு கணம் நின்றால் அதுவே தொடக்கக் குறி. இன்றைய ராஸ்பெரி பையின் தொடர் முனையும் வேலையில்லாதபோது 3.3 வோல்ட்டில் உயர்ந்தே நிற்கிறது. தொடக்கக் குறிக்காகச் சுழியத்துக்கு இறங்குகிறது. தந்திக் கம்பத்தில் தொடங்கிய பழக்கம் அது.

கிண்டித் தொழிற்சாலை

விடுதலைக்குப் பின் இந்தியாவில் தந்தி, செய்தி நிறுவனங்கள், ரயில்வே, பாதுகாப்புத் துறை ஆகியவற்றுக்கு டெலிபிரிண்டர்களின் தேவை பெருகியது. அவற்றை உள்நாட்டிலேயே செய்வதற்காக மத்திய அரசு 1960-இல் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் தொழிற்சாலை சென்னை கிண்டியில் அமைந்தது. இத்தாலி நாட்டின் ஒலிவெட்டி நிறுவனம் தொழில்நுட்பத்தை வழங்கியது. ஒலிவெட்டியின் தலைமையிடம் இவ்ரேயா என்ற சிறு நகரம். அந்த ஊர்ப் பெயர் இவ்வரலாற்றில் மீண்டும் வரும்.

டெலிபிரிண்டர் பார்ப்பதற்குப் பெரிய தட்டச்சுப்பொறி போல இருக்கும். உள்ளே மின்னோடியும் நெம்புகோல்களும் பற்சக்கரங்களும் நிறைந்திருக்கும். ஒரு விசையை அழுத்தினால் அந்த எழுத்துக்குரிய ஐந்து குறிகள் கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். மறுமுனையில் உள்ள இயந்திரம் அவற்றைச் சேர்த்து எழுத்தாக அச்சடிக்கும். பரவலாக வழங்கிய வேகம் 50 பாட். அதாவது ஒரு குறிக்கு 20 மில்லி விநாடி. தொடக்கக் குறி ஒன்று, எழுத்துக்குறி ஐந்து, நிறுத்தக் குறி ஒன்றரை எனக் கூட்டினால் ஏழரை. ஓர் எழுத்துக்கு 150 மில்லி விநாடி. நிமிடத்துக்கு 400 எழுத்துகள்.

இதை ஓர் ஊர்ப் பெயரால் விளக்கலாம். விருத்தாசலம்–உளுந்தூர்பேட்டை சாலையில் உள்ள மங்கலம்பேட்டையின் பெயரை ஆங்கிலத்தில் எழுத 14 எழுத்துகள் தேவை. டெலிபிரிண்டரில் அதை அனுப்ப 2.1 விநாடி ஆகும். இன்று அதே பெயரைத் தமிழில் ஒருங்குறியில் எழுதினால் 13 குறியீடுகள், 39 பைட்டுகள். 9,600 பாட் வேகத்தில் அதை அனுப்ப ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரமே பிடிக்கும். ஆங்கிலத்தில் மட்டுமே போக முடிந்த பெயர் இப்போது தமிழிலேயே போகிறது. ஆனால் கம்பியில் அது செல்லும் விதம் மாறவில்லை.

தமிழ்ச் செய்தித்தாள் வரலாற்றிலும் டெலிபிரிண்டருக்கு இடமுண்டு. பிரஸ் டிரஸ்ட் ஆப் இந்தியா செய்தி நிறுவனம் 1947 ஆகஸ்ட் மாதம் சென்னையில்தான் பதிவு செய்யப்பட்டது. அத்தகைய நிறுவனங்களின் செய்திகள் டெலிபிரிண்டர் வழியாக ஆங்கிலத்தில் வந்து விழும். துணையாசிரியர்கள் அந்தத் தாள்களைக் கிழித்தெடுத்துத் தமிழாக்கி அச்சுக்கோர்ப்புக்கு அனுப்புவர். தமிழகத்தின் முன்னணி நாளிதழ் ஒன்றின் பெயரிலேயே 'தந்தி' இருப்பது அக்காலத்தில் தந்திக்கு இருந்த மதிப்பைக் காட்டும்.

கணினிகளும் கண்ணாடி இழைகளும் வந்தபின் இந்த இயந்திரங்களின் தேவை குறைந்தது. கிண்டி நிறுவனம் எச்.டி.எல். என்ற பெயருடன் வேறு தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு மாறியது. 2001-இல் அதன் 74 விழுக்காடு பங்குகளை மத்திய அரசு தனியார் நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. 2013 ஜூலை மாதத்துடன் பி.எஸ்.என்.எல். தந்திச் சேவையும் முடிவுற்றது. தந்தி போய்விட்டாலும் டெலிபிரிண்டர் பேசிய மொழி அதற்கு வெகு முன்பே கணினிக்குள் குடியேறிவிட்டது.

கணினிக்குள் புகுந்த டெலிபிரிண்டர்

தொடக்கக் காலக் கணினிகளுக்குத் திரை கிடையாது. கட்டளையைத் தட்டவும் விடையைப் படிக்கவும் ஏதாவது ஒரு கருவி வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் இயங்கிவந்த டெலிபிரிண்டரே அதற்குப் பொருத்தமாக அமைந்தது. அமெரிக்காவின் டெலிடைப் நிறுவனம் 1963-இல் வெளியிட்ட 33-ஆம் மாதிரி, ஆஸ்கி என்ற ஏழு பிட் குறியீட்டைப் பயன்படுத்தியது. அதன் வேகம் 110 பாட்; விநாடிக்கு 10 எழுத்துகள். பிற கருவிகளைவிட விலை குறைவாக இருந்ததால் கணினிக் கூடங்களில் அது பரவியது.

1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியபோது, அவர்கள் முன் இருந்ததும் டெலிடைப் இயந்திரமே. அதனால் முனையத்தைக் குறிக்கும் கோப்புக்கு 'டி.டி.ஒய்.' என்று பெயர் வந்தது. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் வீட்டுக் கணினியிலிருந்து மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கணினியைத் தொடர்புகொள்ள ஒரு முனைய நிரலை எழுதினார். அந்த நிரல் வளர்ந்ததே லினக்ஸ். தொடர் இணைப்புக்காக எழுதப்பட்ட சிறு நிரலிலிருந்து பிறந்த இயங்குதளம் பழைய பெயர்களைக் காத்துவந்ததில் வியப்பில்லை. தொடர் துறையைப் பயன்படுத்த ராஸ்பெரி பையில் ஒரு பயனர் சேர வேண்டிய குழுவின் பெயர் 'டயல்அவுட்'. தொலைபேசியில் எண் சுழற்றி மோடம் இணைத்த காலத்தின் சொல் அது.

டெலிபிரிண்டரின் இன்னொரு தடம் வரி முடிவில் உள்ளது. அந்த இயந்திரத்தில் ஒரு வரி முடிந்தால் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும்: அச்சுத் தலை இடப்பக்கம் திரும்ப வேண்டும், தாள் ஒரு வரி மேலே நகர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறி இருந்தது. இன்றைய மின்னணு எடைக் கருவியில் அச்சுத் தலையும் இல்லை, தாளும் இல்லை. ஆயினும் பல கருவிகள் எடையை அனுப்பிவிட்டு இந்த இரண்டு குறிகளையும் சேர்த்தே அனுப்புகின்றன. நிரல் எழுதும் மாணவர்கள் 'வரியின் முடிவில் தெரியாத எழுத்து வருகிறதே' என்று திகைப்பதற்குக் காரணம் இதுவே.

ஆர்.எஸ்.-232: பொதுத் தரம்

கணினி, முனையம், மோடம் ஆகியவற்றை வெவ்வேறு நிறுவனங்கள் செய்தபோது பொதுத் தரம் ஒன்று தேவைப்பட்டது. அமெரிக்க மின்னணுத் தொழில்துறைச் சங்கம் 1960-இல் ஆர்.எஸ்.-232 தரத்தை வெளியிட்டது. 1969-இல் வந்த அதன் 'சி' பதிப்பு உலகெங்கும் பரவியது. இதில் 1 என்பது எதிர் மின்னழுத்தம். 0 என்பது நேர் மின்னழுத்தம். பெறும் பக்கத்தில் 3 முதல் 15 வோல்ட் வரை ஏற்கப்படும்.

பைட்டைப் பிட்டுகளாகப் பிரித்து அனுப்பவும், வரும் பிட்டுகளைப் பைட்டாகச் சேர்க்கவும் ஒரு சுற்று வேண்டும். டெலிபிரிண்டரில் இதைப் பற்சக்கரங்கள் செய்தன. 1960-களில் கார்டன் பெல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பி.டி.பி.-1 கணினிக்காக இதை மின்னணுச் சுற்றாக வடிவமைத்தார். 1971-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் அதை ஒரே சில்லுக்குள் அடக்கியது. யூ.ஏ.ஆர்.டி. எனப்படும் அந்தச் சில்லின் வழித்தோன்றல் இன்று ஏறத்தாழ எல்லா நுண்கட்டுப்படுத்திகளுக்குள்ளும் உள்ளது. ஐ.பி.எம். நிறுவனம் 1984-இல் வெளியிட்ட கணினியில் வந்த ஒன்பது முனைச் செருகியே பலரும் 'சீரியல் போர்ட்' என்று நினைவில் வைத்திருப்பது.

ஒற்றைப் பலகைக் கணினிகளின் தொடக்கம்

ஒரே பலகையில் முழுக் கணினி என்ற எண்ணம் ராஸ்பெரி பையுடன் பிறந்ததன்று. 1976-இல் அமெரிக்காவின் மாஸ் டெக்னாலஜி நிறுவனம் கிம்-1 என்ற பலகையை 245 டாலருக்கு விற்றது. சுமார் ஒரு கிலோபைட் நினைவகம், ஆறு இலக்க ஒளிர்காட்டி, சிறு விசைப்பலகை ஆகியவை அதில் இருந்தன. டெலிபிரிண்டரை இணைக்கத் தனி முனைகளும் இருந்தன. இணைத்தபின் டெலிபிரிண்டரில் குறிப்பிட்ட ஒரு விசையை அழுத்தினால், வரும் குறியின் நீளத்தை அளந்து அதன் வேகத்தைப் பலகையே அறிந்துகொள்ளும். ஆர்வலர்களுக்கான ஒற்றைப் பலகைக் கணினியோடு வெளித் தொடர் சாதனத்தை இணைக்கும் வழக்கம், இவ்வாறு அப்பலகைகள் தோன்றிய காலத்திலேயே தொடங்கிவிட்டது.

இந்தியப் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் படித்தவர்களுக்கு இதே வகைப் பலகை '8085 கிட்' என்ற பெயரில் பழக்கம். 1976-இல் இன்டெல் வெளியிட்ட 8085 நுண்செயலியில் தொடர் உள்ளீட்டுக்கு ஒரு முனையும் தொடர் வெளியீட்டுக்கு ஒரு முனையும் செயலியிலேயே அமைந்திருந்தன. பதினாறடிமான எண்களை ஒவ்வொன்றாகத் தட்டி நிரல் ஏற்றிய மாணவர்களுக்கு, ஒரு கேபிள் வழியாகக் கணினியிலிருந்து முழு நிரலையும் இறக்குவது பெரிய வசதியாக இருந்தது.

பள்ளிகளுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. 1984-இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி, இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் செய்த பி.பி.சி. மைக்ரோ கணினிகளைத் தேர்ந்த பள்ளிகளுக்கு வழங்கியது. அதன் பின்பக்கத்தில் தொடர் துறை இருந்தது. அந்தக் கணினியால் தூண்டப்பட்டே பிற்காலத்தில் எபன் அப்டனும் நண்பர்களும் ராஸ்பெரி பையை உருவாக்கினர். முதல் ராஸ்பெரி பைகளுக்கு 'ஏ', 'பி' என்று பெயரிட்டதும் பி.பி.சி. மைக்ரோவின் மாதிரிகளைப் பின்பற்றியே. அதன் செயலி சார்ந்த ஆர்ம் வடிவமைப்பும் ஏகார்ன் நிறுவனத்தில் பிறந்தது.

துறை மறைந்தது, சாதனங்கள் மறையவில்லை

1996-இல் யூ.எஸ்.பி. தரம் வெளிவந்தது. 1998-இல் ஆப்பிளின் ஐமேக் பழைய தொடர் துறையைக் கைவிட்டது. அடுத்த பத்தாண்டுகளில் மடிக்கணினிகளிலிருந்தும் ஒன்பது முனைச் செருகி மறைந்தது. ஆனால் அதை நம்பிய சாதனங்கள் அவ்வளவு விரைவில் மறையவில்லை. ஓர் எடை மேடையோ ஆய்வகக் கருவியோ பல ஆண்டுகள் உழைக்கக்கூடியது. கணினியில் துளை இல்லை என்பதற்காக நன்றாக இயங்கும் கருவியைத் தூக்கி எறிய முடியாது.

கடலூர் மாவட்டத்து வாழ்க்கையிலிருந்தே இதற்கு எடுத்துக்காட்டு தரலாம். நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு போன்ற ஊர்களின் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிவரும் வண்டிகள் முதலில் எடை மேடையில் ஏறுகின்றன. மேடைக்கு அடியில் உள்ள சுமை உணரிகள் மிகச் சிறிய மின்னழுத்த மாற்றத்தைத் தருகின்றன. எடை காட்டும் கருவி அதை எண்ணாக்கித் திரையில் காட்டுகிறது. பொதுவாக இத்தகைய கருவிகளில் ஆர்.எஸ்.-232 துறை ஒன்று இருக்கும். அதன் வழியே எடை கணினிக்குச் செல்லும். இடையில் ஒருவர் திரையைப் பார்த்துக் கையால் பதிந்தால், 12,480 என்பது 12,840 ஆகலாம். அல்லது 12,048 ஆகலாம். முதல் பிழை வாங்குபவருக்கு இழப்பு. இரண்டாவது விவசாயிக்கு இழப்பு. கருவி காட்டிய எண் அப்படியே பதிவேட்டுக்குப் போனால் அந்த ஐயத்துக்கு இடமில்லை. பால் கூட்டுறவுச் சங்கங்களில் கொழுப்புச் சத்தை அளக்கும் கருவியையும் எடைக் கருவியையும் கணினியோடு இணைப்பதன் நோக்கமும் இதுவே.

பழைய சாதனங்களையும் புதிய கணினிகளையும் சேர்க்க யூ.எஸ்.பி.–சீரியல் மாற்றிகள் வந்தன. ஸ்காட்லாந்தின் எப்.டி.டி.ஐ. நிறுவனம் செய்த சில்லுகள் இவற்றில் புகழ்பெற்றவை. தொலைவு கூடுதலாக உள்ள இடங்களுக்கு 1983-இல் வந்த ஆர்.எஸ்.-485 தரம் பயன்படுகிறது. இரண்டு முறுக்கிய கம்பிகளில் 1,200 மீட்டர் வரை, 32 சாதனங்கள் வரை ஒரே தடத்தில் இணைக்கலாம்.

2005-இல் அர்டுயினோ பலகை வந்தது. அது பிறந்த ஊர் இத்தாலியின் இவ்ரேயா. கிண்டிக்கு டெலிபிரிண்டர் தொழில்நுட்பம் தந்த ஒலிவெட்டியின் ஊர். அர்டுயினோ கணினியோடு பேசுவதும் தொடர் இணைப்பில்தான். ஐந்து பிட் டெலிபிரிண்டரையும் மாணவர் பலகையையும் தந்த ஊர் ஒன்றே. இரண்டும் ஒரே முறையில் பேசுவது தற்செயல் அன்று.

ராஸ்பெரி பையில் தொடர் இணைப்பு

ராஸ்பெரி பை 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. அதன் முனை வரிசையில் 8-ஆம் முனை அனுப்புவதற்கும், 10-ஆம் முனை பெறுவதற்கும் உரியவை. 6-ஆம் முனை தரை இணைப்பு. முதல் பலகையிலிருந்து இந்த இடங்கள் மாறவில்லை. வெளிச் சாதனத்தை இம்முனைகளில் நேரடியாகவும் இணைக்கலாம், யூ.எஸ்.பி. மாற்றி வழியாகவும் இணைக்கலாம். தொடங்குபவர்களுக்கு மாற்றியே பாதுகாப்பானது.

எந்த இரு தொடர் சாதனங்களும் பேசிக்கொள்ள நான்கு செய்திகளில் ஒத்துப்போக வேண்டும்.

முதலாவது, மின்னழுத்தம். ராஸ்பெரி பையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே உரியவை. ஆர்.எஸ்.-232 கருவியிலிருந்து எதிர் 12 வோல்ட்டும் நேர் 12 வோல்ட்டும் வரக்கூடும். இரண்டையும் நேரடியாக இணைத்தால் பலகை பழுதாகிவிடும். இடையில் மேக்ஸ்3232 போன்ற மின்னழுத்த மாற்றிச் சில்லு கட்டாயம் வேண்டும். பழைய அர்டுயினோ பலகைகளின் 5 வோல்ட்டையும் நேரடியாகக் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, கம்பிகளின் குறுக்கு. ஒன்றின் அனுப்பும் முனை மற்றொன்றின் பெறும் முனைக்குச் செல்ல வேண்டும். ஒருவர் வாய் மற்றவர் காதுக்கு என்பது போல. இரண்டின் தரை இணைப்புகளும் சேர்ந்திருக்க வேண்டும். இது விடுபட்டால் சில நேரம் சரியாகவும் சில நேரம் தவறாகவும் எழுத்துகள் வரும்.

மூன்றாவது, வேகம். ஒரு பக்கம் 9,600 பாட் என்றால் மறுபக்கமும் அதுவே. பெறும் சுற்று ஒவ்வொரு பிட்டையும் அதன் நடுப்பகுதியில் படிக்கிறது. பத்துப் பிட்டுகளுக்குள் அரைப் பிட்டுக்கு மேல் விலகினால் பிழை. எனவே இரு பக்க வேகமும் சேர்ந்து ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்கு மேல் வேறுபடக் கூடாது.

நான்காவது, சட்டகம். தரவுப் பிட்டுகள் எத்தனை, சரிபார்ப்புப் பிட் உண்டா, நிறுத்தப் பிட் எத்தனை என்பது. எட்டு, இல்லை, ஒன்று என்பது இன்று பொதுவான அமைப்பு. தொடக்கப் பிட்டையும் சேர்த்து ஒரு பைட்டுக்குப் பத்துப் பிட்டுகள். 9,600 பாட் வேகத்தில் விநாடிக்கு 960 பைட்டுகள்.

ராஸ்பெரி பைக்கே உரிய இரண்டு தடைகளும் உள்ளன. தொடர் முனைகளை இயங்குதளம் தன் கட்டுப்பாட்டு முனையமாக வைத்திருந்தால், தொடங்கும்போது செய்திகளையும் உள்நுழைவுக் கேள்வியையும் அவற்றின் வழியே அனுப்பும். இணைத்த எடைக் கருவியிடம் கணினி 'உன் பயனர் பெயர் என்ன?' என்று கேட்பது போன்ற நிலை இது. அமைப்பு நிரலில் முனையத்தை நிறுத்திவிட்டுத் துறையை மட்டும் இயக்கத்தில் வைக்க வேண்டும். அடுத்தது, 2016-இல் வந்த மூன்றாம் பதிப்பில் நல்ல யூ.ஏ.ஆர்.டி. சுற்று புளூடூத்துக்கு ஒதுக்கப்பட்டது. வெளி முனைகளுக்குக் கிடைத்த சிறு சுற்றின் வேகம் செயலியின் மையக் கடிகாரத்தைச் சார்ந்தது. அது மாறினால் பாட் வேகமும் மாறி எழுத்துகள் சிதறும். தந்திக் காலத்தில் மின்னோடி வேகம் மாறியபோது நேர்ந்த அதே குறைபாடு நுண்சில்லுக்குள்ளும் தலைகாட்டியது. மையக் கடிகாரத்தை நிலைப்படுத்துவதோ, புளூடூத்தை நிறுத்திச் சுற்றை மாற்றிக்கொள்வதோ தீர்வு.

இவை சரியானபின், பைத்தான் மொழியின் பைசீரியல் நூலகம் கொண்டு சில வரிகளிலேயே கருவியைப் படிக்கலாம். இந்தியாவில் இதைக் கல்விக்குப் பயன்படுத்திய முன்னோடி முயற்சி, புதுதில்லி பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்தின் பீனிக்ஸ் திட்டமும், அதிலிருந்து வளர்ந்த எக்ஸ்ப்ஐஸ் கருவியும். குறைந்த செலவில் இயற்பியல் சோதனைகளைச் செய்து, அளவுகளைக் கணினியிலேயே வரைபடமாகக் காண இவை உதவுகின்றன.

மீண்டும் கிண்டிப் பக்கம்

பழைய டெலிபிரிண்டர் தொழிற்சாலை இருந்த கிண்டிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் சென்னை ஐ.ஐ.டி. உள்ளது. அங்கு உருவான சக்தி நுண்செயலித் திட்டத்தின் சில்லுகள் 2018-இல் வெளிவந்தன. ஒன்று அமெரிக்காவில் இன்டெல் ஆலையிலும், மற்றொன்று சண்டிகர் குறைகடத்தி ஆய்வகத்திலும் செய்யப்பட்டன. எந்தப் புதிய செயலியானாலும் அதற்குத் திரையும் வலைத்தொடர்பும் பின்னர்தான் கிடைக்கும். அது உயிர்பெற்றதை முதலில் அறிவிப்பது தொடர் துறையில் வரும் ஓரிரு வரிகளே. சக்தி பலகையைக் கற்போரும் கணினியில் தொடர் முனையம் ஒன்றைத் திறந்தே அதன் செய்திகளைப் படிக்கின்றனர். 1960-களில் கிண்டியில் செய்த இயந்திரம் எழுத்தைத் தொடக்கக் குறியும் நிறுத்தக் குறியும் சேர்த்து அனுப்பியது போலவே, உள்நாட்டில் வடிவமைத்த செயலியும் தன் செய்தியை அனுப்புகிறது.

முக்கியத்துவம்

தொடர் இணைப்பைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகமான இணைப்புகள் இன்று உள்ளன. ஆனால் அவற்றின் உள்ளமைப்பை ஒரு மாணவர் முழுமையாக விளங்கிக்கொள்வது எளிதன்று. தொடர் இணைப்பை ஒரே வகுப்பில் கரும்பலகையில் வரைந்து விளக்கிவிடலாம். மூன்று கம்பிகளால் செய்தும் காட்டலாம். அதன் விதிகள் எந்த ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள்ளும் இல்லை. அதனால்தான் செய்த நிறுவனம் மூடப்பட்டபின்னும், கையேடு தொலைந்தபின்னும் ஒரு பழைய கருவியைப் படிக்க முடிகிறது: கம்பியை இணைத்து, வழக்கமான வேகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, வரும் எழுத்துகளைப் பார்த்தால் போதும்.

ஒரு சிற்றூர் மாணவரின் கையில் உள்ள சிறு பலகை ஊர் எடை மேடையின் எண்ணையோ, பள்ளி ஆய்வகத்தில் தூசி படிந்த அளவியின் எண்ணையோ படித்துக் காட்டும்போது இரண்டு நன்மைகள் விளைகின்றன. பயன்படக்கூடிய கருவி குப்பைக்குப் போகாமல் காக்கப்படுகிறது. அளந்த எண் யார் கையும் படாமல் பதிவேட்டுக்கு வந்து சேர்கிறது.